பெரியப்பாவின் பேனாக்களை விற்கப் போன கதை

வீட்டுப் பெரியவர் யாராவது விட்டுப் போன இங்க் பேனாக்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்து, இவற்றை என்ன செய்வது என்று நீங்கள் முழித்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். எனக்கு இதில் ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. கையிலிருந்து பதினோராயிரத்துச் சொச்சம் செலவு. வர வேண்டிய பணத்தில் வராமலே போனது அதைவிட அதிகம். பேனா வாங்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் இதில் பாதி மிச்சமாகியிருக்கும். சேர்த்து வைக்கிறவர் ஒரு வகை, எழுதுகிறவர் இன்னொரு வகை. ஒரே பேனாவில் ஒருவர் தேடுவதை இன்னொருவர் வேண்டாம் என்பார். யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று தெரியும் வரை அந்தப் பேனாவைத் துடைக்கக்கூடக் கூடாது.

பெரியப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவர். செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பேரேடு எல்லாமே அவர் கையெழுத்தில்தான் போகும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை விட்ட பிறகு பஜாருக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் இருந்தார். ஐப்பசி மழையில் மார்ச்சளி பிடித்து, இரண்டு வாரத்தில் போய்விட்டார். பொங்கலுக்குள் வீட்டைக் காலி செய்து கொடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். திருப்பூர் அண்ணன் பீரோவை எடுத்துக்கொண்டார், பெங்களூர் அக்கா ரேடியோவை எடுத்துக்கொண்டாள். "பேனாவெல்லாம் நீயே பாத்துக்கோ, வித்து வர்ற காசுல திவசச் செலவைப் பண்ணிடலாம்" என்று என் தலையில் கட்டிவிட்டு இருவரும் இறங்கிவிட்டார்கள். பேனாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஹீரோ பேனா வைத்திருந்ததும், அது கக்கினால் சாக்பீஸை வைத்து உறிஞ்ச விட்டதும்தான்.

தகரப் பெட்டியைத் திறந்தால் நூறு பேனாவுக்கு மேல். செய்தித்தாளில் சுருட்டியவை பாதி, பிஸ்கட் டின்களில் கிடந்தவை பாதி. தடித்த கறுப்பு எபோனைட் பேனாக்கள் பத்துப் பதினைந்து இருந்தன. அவற்றில் ஒன்றின் உடம்பில் ராஜமுந்திரி ரத்னம் என்று பொறித்திருந்தது. பேனா செய்து அனுப்பியதற்கு 1935-ல் காந்தி நன்றி சொல்லிக் கடிதம் எழுதினாரே, அந்த ஆந்திராக்காரர் ரத்னத்தின் பேனாதான். அன்று ரத்னம் அனுப்பிய பேனாவைக் காந்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் நம் தஞ்சாவூர்க்காரர், காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. வேலையை விட்டுச் சீமைக்குப் போன ஒரு துரை கொடுத்த பார்க்கர் 51 ஒன்று இருந்தது, துரையின் பெயர் சின்ன எழுத்தில் வெட்டியிருந்தது. கோடு கோடாகப் பளபளக்கும் பழைய செல்லுலாய்டு பேனாக்கள் சில. அப்புறம் ஒரே நிறம், ஒரே அளவில் ஐந்து ஹீரோ 616. பெட்டி முழுக்கக் கந்தக வாடையும் பூஞ்சை வாடையும்.

பூஞ்சையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலையில் இருப்பவர்களுக்கு அதுதான் முதல் எதிரி. நம் ஊரில் துணியும் காகிதமும் பூக்காமல் இருக்க அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எரிய விடுவார்கள். நானும் பெட்டியை அந்த அலமாரியில்தான் வைக்கப் பார்த்தேன். நல்லவேளை, வேறு சாமான் இருந்ததால் இடமில்லை. எபோனைட் என்பது ரப்பரும் கந்தகமும் சேர்த்து இறுக்கியது. வெளிச்சம் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்புப் பச்சையாகும். வெந்நீர் பட்டால் இன்னும் சீக்கிரம். செல்லுலாய்டுக்குச் சூடே ஆகாது. அது நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரம் கலந்து செய்தது. குன்னூரிலிருந்து ஊட்டி போகிற வழியில், அருவங்காட்டில் 1903-லிருந்து இருக்கிற கார்டைட் தொழிற்சாலையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அங்கே வெடிமருந்துக்கு மூலப்பொருளாகிற சரக்கின் சாந்தமான தம்பிதான் இந்தப் பேனாக்கள். தீப்பிடித்தால் சட்டென்று எரியும். மூடிய டப்பாவில் கிடந்து சிதையத் தொடங்கினால் அதிலிருந்து வரும் ஆவி பக்கத்துப் பேனாக்களையும் கெடுக்கும். அதனால் செல்லுலாய்டைத் தனியாக, காற்றுப் போகிற மாதிரி, வெளிச்சமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும், ஈரம் ஏறியதும் அதை மட்டும் எடுத்து வறுத்துத் திரும்பப் போடலாம். இன்னொன்று, எதையும் சானிடைசரால் துடைக்காதீர்கள். ஸ்பிரிட் பட்டால் செல்லுலாய்டும் அக்ரிலிக்கும் பாழ்.

முதலில் வந்தவர் பழைய சாமான் வாங்கி விற்கிறவர். பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "மொத்தமா பன்னெண்டாயிரம் தர்றேன்மா, இதுல பாதி பிளாஸ்டிக் குப்பைதான்" என்றார். அப்படிச் சொல்லும்போதே அவர் கை ரத்னத்தின் மேல் இருந்தது. அதனால்தான் கொடுக்கவில்லை. அடுத்து ஒரு நகைப் பட்டறையில் சில பேனாக்களின் தங்க முள்ளை, அதாவது நிப்பை, எடை போட்டுப் பார்த்தேன். பதினாலு காரட் என்றாலும் பேனா முள் இலை மாதிரி மெல்லியது, நான் கொண்டுபோனவற்றில் ஒன்றும் அரை கிராமைத் தொடவில்லை. முள்ளைக் கழற்றி விற்றால் கிடைக்கிற காசைவிட முள்ளோடு இருக்கும் பேனாவுக்குப் பல மடங்கு கிடைக்கும். பட்டறைக்காரரே நல்ல மனிதர், "இத உருக்காதம்மா, பாவம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

பெங்களூர் அக்காவின் மகன் சில பேனாக்களைப் போட்டோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பினான். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். ரத்னத்துக்கு ஆறாயிரம், பார்க்கருக்கு எட்டாயிரம், நேரில் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. நூறு ரூபாய் போகும் என்று நான் நினைத்த கறுப்புப் பேனாவுக்கு ஆறாயிரமா? அவர் வருவதற்குள் பேனாக்கள் பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று, கீழே ஒரு ஊரில் பேனா ரிப்பேர் பார்க்கிறவரிடம் இருப்பதில் நல்லவையாக இருபதைக் கொடுத்தேன். காய்ந்த மையைக் கழுவி, உள்ளே மை தங்குகிற ரப்பர் பை போனதற்கு மாற்றிக் கொடுங்கள், இவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு மாதம் என்றவர் மூன்று மாதம் இழுத்தார். போன் செய்தால் "நாளைக்கு" என்பார், அப்புறம் போனையே எடுக்க மாட்டார். கடைசியில் ஒன்பதாயிரத்து ஐநூறு பில்லோடு பெட்டியைக் கொடுத்தார்.

திறந்து பார்த்தால் எல்லாம் புதுசாக மின்னுகிறது. அந்த மினுமினுப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், அதுதான் கொடுமை. வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தபோதுதான் ரத்னத்தின் மேல் இருந்த எழுத்தைக் காணோம். ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து நிழலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மோட்டாரில் துணிச் சக்கரம் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். பார்க்கரில் வெட்டியிருந்த துரையின் பெயரைக் கீறல் என்று நினைத்து அதையும் பாதி அழித்திருந்தார்கள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பணத்தைவிட, பெரியப்பா அந்தப் பெயரைக் காட்டிக் காட்டிச் சொன்ன கதைகள் நினைவுக்கு வந்து நெஞ்சை அடைத்தது. ரிப்பேர்காரரிடம் கேட்டேன். "பளபளன்னு இருந்தாத்தானே மேடம் விலை போகும்? பாலிஷுக்குத் தனியாக் காசுகூட வாங்கல" என்றார். அவர் ஏமாற்றவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் எழுதுகிறவர்கள், அவர்களுக்குப் பளபளப்புப் பிடிக்கும்.

ரிப்பேருக்குக் கொடுப்பதாக இருந்தால் இந்த வேலையைச் செய்துவிட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு பேனாவையும் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்துப் போட்டோ எடுங்கள். அப்படி எடுத்தால்தான் பொறித்த எழுத்து தெரியும். "பாலிஷ் வேண்டாம், தேய்க்க வேண்டாம், முள்ளை மாற்ற வேண்டாம்" என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் தவணையாக மலிவான இரண்டு பேனாவை மட்டும் கொடுத்துப் பாருங்கள். உண்மையில் பாதி பேனாக்களுக்கு ரிப்பேரே தேவையில்லை. பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, கழுத்துப் பகுதி மட்டும் மூழ்கும்படி ராத்திரி முழுக்க வைத்தால் பழைய மை தானாக இறங்கும். எபோனைட்டாக இருந்தால் ராத்திரி முழுக்க வேண்டாம், சற்று நேரம் அலசினால் போதும். 1948-க்குப் பிறகு வந்த பார்க்கர் 51-இல் அமுக்கி மை இழுக்கிற ஒரு பை இருக்கும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கிறது, தண்ணீரை இழுத்து இழுத்துத் துப்பவிட்டாலே உயிர் வந்துவிடும். கழுத்து திருகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி உதவுகிறேன் என்று கட்டிங் பிளேயரால் திருகியதில் ஒரு செல்லுலாய்டு பேனா எனக்கு இரண்டாகப் போயிற்று.

கோயம்புத்தூர்க்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டைப் பையில் ஒரு பெரிய நீலக் கறை. ஆளுக்கு முகமெல்லாம் வாட்டம். அரைப் பேனா மையோடு ஒரு எபோனைட் பேனாவைப் பையில் குத்தி வந்திருக்கிறார். மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம், கோத்தகிரி ஏறக்குறைய 1,800. ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பேனாவுக்குள் அடைபட்ட காற்று ஐந்தில் ஒரு பங்கு விரியும், மையைத் தள்ளிவிடும். காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு கக்கும். மலை ஏறுகிறவர்கள் பேனாவை முழுக்க நிரப்பி முள் மேலே பார்க்க வையுங்கள், இல்லாவிட்டால் காலியாகக் கொண்டுவாருங்கள். அவரிடம் இருநூறு பேனாவுக்கு மேல் இருக்கிறதாம். இது தெரியாதா என்று கேட்டேன். "பேனாவ எடுத்துட்டு நான் எங்கயும் போறதில்ல மேடம், எல்லாம் டிராயர்லதான் இருக்கும்" என்றார்.

ரத்னத்தைக் கையில் எடுத்தவர் ஒன்றும் பேசவில்லை. உருட்டி உருட்டிப் பார்த்தார். "யாரு மேடம் இப்படிப் பண்ணது?" என்று கேட்டார், செத்த வீட்டில் கேட்கிற குரலில். பழைய காசைப் புளி போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது, இனி இது எந்த ஊர் எந்தக் கம்பெனி என்று யாரும் நம்ப மாட்டார்கள் என்றார். ஆறாயிரம் ஆயிரத்து ஐநூறானது. பார்க்கரையும் வேண்டாம் என்றார். துரை பெயர் முழுசாக இருந்து, எந்த எஸ்டேட், எந்த வருஷம் என்று பெரியப்பாவின் டைரியில் ஒரு வரியும் இருந்திருந்தால் சொன்ன விலைக்கு மேலேயே கொடுத்திருப்பேன் என்றார். வெறும் பெயர் வெட்டிய பேனா என்றால் சேர்ப்பவர்கள் விலையைக் குறைப்பார்களாம், கதையோடு வருகிற பெயர் என்றால் ஏற்றுவார்களாம். அவர் எடுத்துக்கொண்டது எல்லாம் நான் ரிப்பேருக்குக் கொடுக்காமல் விட்ட அழுக்குப் பேனாக்கள். முள் துருப்பிடித்த ஒன்றுக்கு மூவாயிரத்து இருநூறு கொடுத்தபோது நான் சிரித்தேவிட்டேன். அது எழுதவே எழுதாது என்றேன். "எழுத வேணாம் மேடம், மூடி மாறாம இருக்கு, எழுத்து அழியாம இருக்கு, அது போதும்."

இதற்கு நேர் எதிர் குன்னூர் சார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், வயது எழுபதைத் தாண்டியவர், தெரிந்தவர் மூலமாக வந்தார். கையோடு ஒரு மைப்புட்டியும் நோட்டும் பூதக்கண்ணாடியும் டார்ச்சும் கொண்டுவந்திருந்தார். பேனாவின் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. மூடியின் விளிம்பில் டார்ச் அடித்து முடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். முள்ளின் இரண்டு கிளையும் சமமாக இருக்கிறதா, அடியில் மையை இறக்குகிற நாக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் முள்ளை மையில் தொட்டு நோட்டில் எட்டு எட்டாகப் போட்டார். எழுத்து அழிந்த ரத்னத்துக்கு அவரே இரண்டாயிரம் கொடுத்தார். "எழுத்து இருந்தா என்னம்மா, இல்லாட்டி என்ன? நான் படிக்கிறதுக்கா வாங்கறேன்? எழுதறதுக்கு" என்றார். பார்க்கரும் அவரிடம்தான் போனது, நாலாயிரத்துக்கு. தினமும் ஒரு பக்கம் எழுதுகிறாராம். ஒரே சமயத்தில் மூன்று பேனாவுக்கு மேல் மை ஊற்ற மாட்டேன், ஊற்றினால் மலைக் குளிரில் எழுதாமல் கிடந்து மையிலேயே பூஞ்சை பிடிக்கும் என்றார். எழுதாத பேனாவைக் கழுவி, ஈரம் காய்ந்த பிறகே மூட வேண்டும். பழைய பேனாக்களுக்கு அவர் சொல்வது சாதாரண நீல மைதான், நம் சென்னை பிரில் போதும் என்பார். தண்ணீருக்கு அழியாத பிக்மென்ட் மையைப் பழைய பேனாவில் ஊற்றினால் காய்ந்து அடைத்துக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு.

இருவரிடமும் அந்த ஐந்து ஹீரோ 616-ஐக் காட்டினேன். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: பெரியப்பா சேர்த்தவரா, எழுதியவரா? கோயம்புத்தூர்க்காரர் சட்டென்று சொன்னார், "சேர்க்கிறவர்தான் மேடம். ஒரே பேனாவ அஞ்சு வாங்கறவன் வேற யாரு?" சாரிடம் அதே ஐந்தை நீட்டியபோது அவரும் யோசிக்கவில்லை. "எழுதறவர்தாம்மா. ஹீரோவுல மூடிப் பிடி சீக்கிரம் தளர்ந்துரும். கடையில கிடைக்காமப் போயிருமோன்னு பயந்து அஞ்சா வாங்கி வச்சிருக்கார்." ஐந்திலும் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். மூன்றில் முனை ஒரே பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது, பெரியப்பா கையைச் சாய்த்துப் பிடிக்கிற அதே சாய்வு. இரண்டில் மை ஏறியதற்கு அடையாளமே இல்லை. டைரியைப் புரட்டினால் ஒவ்வொரு மாதமும் வேறு பேனா, ஓரத்தில் பேனாவின் பெயரும் மையின் பெயரும் குறித்திருக்கிறார். ஆனால் டைரியில் வராத பேனாக்களும் பெட்டியில் நாற்பதுக்கு மேல் இருந்தன. கோயம்புத்தூர்க்காரரிடம் போனில் சொன்னபோது, நானும் அப்படித்தான் தொடங்கினேன் மேடம் என்று சிரித்தார்.

நான் பார்த்த வரையில் இது ஆளைப் பொறுத்ததுகூட இல்லை, பேனாவைப் பொறுத்தது. ஒரே ஆள் சில பேனாக்களை எழுதுவார், சிலவற்றைத் தொடவே மாட்டார். விற்கிறவருக்கு வேண்டியது என்னவென்றால், வாங்க வருகிறவர் இந்தப் பேனாவை எதற்குக் கேட்கிறார் என்பது. "வாங்கி என்ன செய்வீங்க?" என்று நேராகவே கேளுங்கள். யாரும் மறைப்பதில்லை, மறைக்கத் தெரியாத கூட்டம் அது, ஆரம்பித்தால் அரை மணி நேரம் பேசுவார்கள். பெயர், பொறித்த எழுத்து, பெட்டி, பில் என்று கேட்டால் அழுக்கோடு கொடுங்கள். முள் எப்படி, மை இழுக்கிறதா என்று கேட்டால் கழுவி, எழுதிக் காட்டி, அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். முள் ஒருவர் கைக்குத் தேய்ந்திருந்தால் எழுதுகிறவரிடம் சொல்லிவிடுங்கள், சாரே அந்த மூன்று ஹீரோவையும் எழுதிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுதாத இரண்டையும் எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், ஒன்று அடுத்த வாரமே தொலைந்துபோனது.

பார்சல் அனுப்புவதில் ஒரு வார்த்தை. கழுவிய பேனாவுக்குள் தண்ணீர் கொஞ்சம் தங்கியிருந்தாலும் வழியில் கசிந்து காகிதமெல்லாம் ஊறிவிடும். முள்ளைக் கீழே பார்க்க வைத்துத் துணியில் ஊன்றி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பிறகு கட்டுங்கள். பி.வி.சி. குழாயில் பேனாவை வைத்து இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்து அனுப்பினால் உடையாது. அட்டைப்பெட்டியில் போன ஒன்று மூடி நசுங்கித் திரும்பி வந்தது, பணத்தையும் திருப்ப வேண்டியதாயிற்று. கூரியர், குழாய், அலைச்சல் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் சொச்சம் ஆனது. மொத்தம் வந்தது நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. தேய்க்காமல் இருந்திருந்தால் அறுபதைத் தொட்டிருக்கும் என்பது கோயம்புத்தூர்க்காரர் கணக்கு. திருப்பூர் அண்ணனிடம் கணக்குக் காட்டியபோது, "பன்னெண்டாயிரத்துக்கே குடுத்திருக்கலாம், உனக்கு அலைச்சலாவது மிச்சம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. திவசத்துக்கு எட்டாயிரம் போக, மீதியை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம்.

இன்னும் முப்பது பேனா பெட்டியில் இருக்கிறது, பெரும்பாலும் எண்பதுகளின் பிளாஸ்டிக், யாரும் கேட்கவில்லை. பார்க்கர் 51-க்கு உதிரியாக ஒரு மூடியும் கிடக்கிறது. கிளிப் கொஞ்சம் தளர்ச்சி, பாலிஷ் போடவில்லை. கோயம்புத்தூர்க்காரர் எழுநூறு சொல்கிறார், சார் நானூறுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறார். இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.